நியூவான்ஸா, நியூசன்ஸா?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஈமெயில் அனுப்ப வேண்டியிருந்தது. ‘உங்கள் தொழிலின் நுணுக்கங்களை நன்றாகப் புரிந்துகொண்டோம், இனி சாஃப்ட்வேர் எழுதும் வேலையைத் தொடங்கலாம்’ என்பதுதான் விஷயம். நுணுக்கம் என்பதற்கு ‘நியூவான்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வேகமாக டைப் செய்தேன். ஸ்பெல் செக் ஓட்டினேன். சிவப்புக் கோடு ஒன்றுகூட வரவில்லை. தைரியமாக அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் டீம் லீடர் கூப்பிட்டார். மானிட்டரைக் காட்டி, “இதைச் சத்தமாகப் படி” என்றார். படித்தேன். நான் டைப் செய்திருந்தது நியூவான்ஸ் அல்ல, நியூசன்ஸ்! ‘உங்கள் தொழிலின் தொல்லைகளை நன்றாகப் புரிந்துகொண்டோம்’ என்று வாடிக்கையாளருக்கே எழுதி அனுப்பியிருக்கிறேன். நல்லவேளை, அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஏன் இந்தத் தவறு நடந்தது? நியூவான்ஸ் என்ற சொல்லில் ஆறு எழுத்துகள்: என், யூ, ஏ, என், சி, இ. இதில் யூவுக்கும் ஏவுக்கும் நடுவே ஐ, எஸ் என்று இரண்டு எழுத்துகள் புகுந்துவிட்டால் அது நியூசன்ஸ். இரண்டுமே அகராதியில் உள்ள சரியான சொற்கள். ஸ்பெல் செக் என்பது அடிப்படையில் நீங்கள் அடித்த சொல் தன்னிடம் உள்ள சொற்பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. இருந்தால் பேசாமல் விட்டுவிடும். இன்றைய வேர்டு, வாக்கியத்தின் போக்கைப் பார்த்துச் சில தவறுகளுக்கு நீலக் கோடு போடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. சிவப்புக் கோடு இல்லை என்றால் எழுத்துப்பிழை இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். நீங்கள் சொல்ல நினைத்ததைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள் அல்ல.

நியூவான்ஸ் என்றால் என்ன?

இது பிரெஞ்சு மொழியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சில் ‘நிறச்சாயல்’ என்று பொருள். அதற்கும் மூலத்தைத் தேடிப் போனால், மேகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் போய் நிற்கும். மேகத்தைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளை எங்கே முடிந்தது, சாம்பல் எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படிப்பட்ட மெல்லிய வேறுபாட்டுக்குத்தான் நியூவான்ஸ் என்று பெயர். நிறத்துக்குச் சொன்னது, பிறகு பொருள், தொனி, இசை, நடிப்பு, பேச்சு என்று எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது.

தமிழில் இடத்தைப் பொறுத்து நுணுக்கம், நுண்வேறுபாடு, பொருள்சாயல், நயம் என்று சொல்லலாம். இது பெயர்ச்சொல். இதிலிருந்து வரும் ‘நியூவான்ஸ்டு’ என்பது பெயரடை. ஒருவருடைய கருத்து ‘நியூவான்ஸ்டு’ என்றால், அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசாமல், விஷயத்தின் பல பக்கங்களையும் எடைபோட்டுப் பேசுகிறார் என்று பொருள்.

பலர் ‘டீட்டெயில்’ என்று எழுத வேண்டிய இடத்தில் நியூவான்ஸ் என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. டீட்டெயில் என்றால் விவரம். எடை, விலை, தேதி, முகவரி எல்லாம் விவரங்கள். ‘மினூஷியே’ என்று ஒரு சொல் உண்டு. அது பொடிப்பொடியான சில்லறை விவரங்கள். நியூவான்ஸ் என்பது ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு விஷயங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய வேறுபாடு. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் டீட்டெயில். ‘அவசியம் வாருங்கள்’ என்பதற்கும் ‘முடிந்தால் வாருங்கள்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் நியூவான்ஸ்.

கம்ப்யூட்டர் உலகத்தில் இந்தச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்ட ஒரு நிறுவனமும் உண்டு. பேசினால் எழுத்தாக்கித் தரும் ‘டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங்’ சாஃப்ட்வேரை விற்றுவந்த ஸ்கேன்சாஃப்ட், 2005ஆம் ஆண்டு நியூவான்ஸ் என்ற நிறுவனத்துடன் இணைந்து அந்தப் பெயரையே தனக்கும் எடுத்துக்கொண்டது. அதைச் சுமார் 1,970 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் 2021 ஏப்ரலில் அறிவித்து, 2022 மார்ச்சில் வாங்கி முடித்தது. குரலில் உள்ள மெல்லிய வேறுபாடுகளைப் பிடிப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். பொருத்தமான பெயர்தான்!

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

நியூவான்ஸ் தொலைந்துபோனால் என்ன ஆகும் என்பதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸில் உள்ள பெயிண்ட் சாஃப்ட்வேரைத் திறந்து, வானமும் மேகமும் உள்ள ஒரு போட்டோவைத் திறக்கவும். ஃபைல் மெனுவில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, ஃபைல் வகையில் ‘16 கலர் பிட்மேப்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, வேறு பெயரில் சேவ் செய்யவும். வேறு பெயர் என்பது முக்கியம். இல்லாவிட்டால் போட்டோ பாழாகிவிடும். இப்போது புது ஃபைலைத் திறந்து பாருங்கள். வானம் திட்டுத்திட்டாக, மேகம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருக்கும்.

காரணம் எளிது. சாதாரண 24-பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்கள். ஒவ்வொன்றும் 256 படிகளில் ஏதோ ஒன்றில் இருக்கலாம். 256ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 நிறச்சாயல்கள். அத்தனையையும் 16 நிறங்களுக்குள் அடைத்தால், சாயல்கள் எல்லாம் பக்கத்தில் உள்ள நிறத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். படத்தில் இருப்பது மேகம்தான் என்று அப்போதும் தெரியும். ஆனால் மழை வருமா வராதா என்று சொல்ல முடியாது.

வாக்கியத்திலும் இதேதான் நடக்கிறது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும்போது விஷயம் வந்து சேர்ந்துவிடும், சாயல் தொலைந்துவிடும். அதனால் பண நஷ்டமும் வரலாம். எங்கள் குடும்பத்திலேயே வந்தது.

சிறுமலையில் 60 தார்

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். என் மாமாவுக்குச் சிறுமலையில் கொஞ்சம் வாழை உண்டு. திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். ரோடு எட்டாத தோட்டங்களிலிருந்து இன்றும் குதிரை முதுகில் தார் இறங்கும் மலை அது. இறங்கும் காய், பழமெல்லாம் திண்டுக்கல்லில் ‘சிறுமலை செட்’ என்று சொல்லப்படும் சந்தைக்கு வரும். மாமாவும் வருடக்கணக்காக அங்கேதான் போட்டுக்கொண்டிருந்தார்.

நேரடியாக வெளியூர்க் கடைக்காரர்களுக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மாமா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஈமெயில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். ஆங்கில மெயில் வந்தால், அதைக் காப்பி செய்து ஒரு மொழிபெயர்ப்புத் தளத்தில் பேஸ்ட் செய்து தமிழில் படிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நாளில் நன்றாகப் பழகிவிட்டார்.

பெருநகரக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. மாதிரிப் பழம் பிடித்திருந்தது என்று எழுதிவிட்டு, அடுத்து ஒரே ஒரு வாக்கியம். தளம் அதை இப்படித் தமிழாக்கிக் கொடுத்தது: ‘அடுத்த வாரம் தரத்திற்கு உட்பட்டு 60 தார்கள் வரை எடுத்துக்கொள்ளலாம்.’

மாமாவின் கண்ணில் பட்டது மூன்று விஷயங்கள்: அடுத்த வாரம், 60 தார், எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ச் சந்தையில் ஒருவர் “எடுத்துக்கலாம்ணே” என்று சொல்லிவிட்டால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். மாமா 60 தாரையும் வெட்டிவிட்டார். வண்டி வந்தது. தரம் பார்த்து 25 தாரை ஏற்றிக்கொண்டு, காசையும் சரியாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. மீதி 35 தார் திண்ணையில்.

வெட்டிய தாரைத் திரும்ப மரத்தில் ஒட்டவைக்க முடியுமா? சந்தைக்குக் கொண்டுபோனால் அன்றைக்கு விலை இறங்கியிருந்தது. வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் போக ஒன்றும் மிஞ்சவில்லை.

மாமா எனக்குப் போன் செய்தார். “என்ன மாப்ள, அறுபது எடுத்துக்கிறேன்னு எழுதிட்டு இருவத்தஞ்சோட போயிட்டாங்களே, இது நாயமா?”

மெயிலை எனக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் மேல் ஒரு தவறும் இல்லை. மூல வாக்கியத்தில் மூன்று இடங்களில் அவர் தெளிவாக எழுதியிருந்தார்.

ஒன்று, ‘மே’. எடுப்போம் என்று சொல்லவில்லை. எடுக்கக்கூடும், எடுக்காமலும் போகலாம் என்கிறார். இரண்டு, ‘அப் டு’. அறுபது என்பது அதிகபட்சம். அதற்குக் கீழே எந்த எண்ணாகவும் இருக்கலாம். மூன்று, ‘சப்ஜெக்ட் டு குவாலிட்டி’. தரம் பிடித்திருந்தால் மட்டுமே.

மொழிபெயர்ப்புத் தளத்தையும் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. ‘உட்பட்டு’, ‘வரை’ என்று இரண்டையும் அது சரியாகவே போட்டிருந்தது. சிக்கல் அந்த ‘லாம்’ விகுதியில். தமிழில் ‘மழை வரலாம்’ என்றால் சந்தேகம். ‘உள்ளே வரலாம்’ என்றால் அனுமதி. ‘போகலாமே’ என்றால் சம்மதம். ஒரே ‘லாம்’தான். எந்த லாம் என்பது சொல்லும் இடத்தையும் ஆளையும் பொறுத்தது. ஆங்கிலத்தில் சந்தேகமாகக் கிளம்பிய ‘மே’, தமிழுக்கு வந்து, மாமா காதில் சம்மதமாக விழுந்துவிட்டது. 35 தாரின் விலை, ஒரு விகுதி!

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர். சாவியின் பல்லில் நூலளவு தேய்ந்தாலும் பூட்டு திறக்காது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லும் அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு 35 தார் செலவாயிற்று.

கம்ப்யூட்டர் ஏன் கோட்டைவிடுகிறது?

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் 2011 ஜூனில் சேர்ந்தது. அப்போது அது வாக்கியத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அதிகமாகப் புழங்கும் இணையைத் தேடி ஒட்டிக்கொடுத்தது. அதனால் தமிழ் தடுமாறும். படித்தவுடனே ‘இது கம்ப்யூட்டர் தமிழ்’ என்று தெரிந்துவிடும். 2017 ஏப்ரலில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு நியூரல் முறை வந்தது. இது முழு வாக்கியத்தையும் ஒன்றாகப் பார்த்து மொழிபெயர்க்கும் முறை. தமிழ் சரளமானது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ் தடுமாறியபோது நாம் சந்தேகப்பட்டு இரண்டு முறை படித்தோம். சரளமானதும் அப்படியே நம்பிவிடுகிறோம். சரளமாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. இன்றைய ஏஐ சாட் சாஃப்ட்வேர்களுக்கும் இது பொருந்தும். அவை நன்றாகவே எழுதுகின்றன. ஆனால் உங்கள் ஊர்ச் சந்தையில் ‘எடுத்துக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று நீங்கள் சொன்னால்தான் அவற்றுக்குத் தெரியும்.

நாம் தமிழில் எழுதிக்கொடுப்பதிலும் கவனம் வேண்டும். ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம் கேட்பது. ‘வேலைக் கொடு’ என்றால் முருகனின் வேலைக் கேட்பது. ஒரு ‘க்’ போதும் பொருளை மாற்ற. ஸ்பேஸ் பாரும் அப்படித்தான். மாமா ஒருமுறை ‘சிறு மலை வாழை’ என்று இடம்விட்டு அடித்து மொழிபெயர்த்தார். மலையின் பெயர் காணாமல்போய், சின்ன மலை என்று ஆங்கிலத்தில் வந்தது. ‘சிறுமலை’ என்று சேர்த்து அடித்து, ஆங்கிலத்தில் வந்த பெயரையும் ஒரு தடவை சரிபார்க்கச் சொன்னேன்.

பெயர் சரியாக இருக்க வேண்டியதற்கு வலுவான காரணம் உண்டு. பழனி மலைப்பக்கத்து விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரே மலைப்பழம்தான். ஆனால் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் 2008-09ஆம் ஆண்டில் விருப்பாச்சி மலைவாழை, சிறுமலை மலைவாழை என்று இரண்டுக்கும் தனித்தனியாகவே பதிவு கொடுத்தது. மண்ணும் மலையும் மாறினால் பழமும் மாறும் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. நியூவான்ஸுக்கு எங்கள் மாவட்டத்தில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1970களில் முடிக்கொத்து நோயால் இந்த மலைவாழை பெருமளவு அழிந்து, பிறகு பாடுபட்டு மீட்கப்பட்டது. அப்படி மீண்ட பழத்தின் பெயரை ஒரு ஸ்பேஸ் பாரில் தொலைக்கலாமா?

நீங்கள் செய்யவேண்டியவை

ஆங்கில மெயிலோ கடிதமோ ஒப்பந்தமோ வந்தால், மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்த இந்த வழிகளை நீங்களும் பின்பற்றலாம்.

1. தனிச்சொல்லை மொழிபெயர்க்காதீர்கள். முழு வாக்கியத்தையும், முடிந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் சேர்த்துக் கொடுங்கள். பக்கத்துச் சொற்கள் இருந்தால்தான் சாஃப்ட்வேருக்கும் இடம் பிடிபடும்.

2. திருப்பிப் பாருங்கள். கிடைத்த தமிழைக் காப்பி செய்து, அதே தளத்தில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். மாமாவின் வாக்கியத்தை நான் அப்படித் திருப்பியபோது ‘மே’ போய் ‘கேன்’ வந்து நின்றது. கிளம்பிய சொல் திரும்பி வரவில்லை என்றால் அந்த இடத்தில் ஏதோ நழுவியிருக்கிறது என்று அர்த்தம். சொல் ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் முடிவுகட்டாதீர்கள். இது தவறைக் காட்டும் சோதனை, சரி என்று சான்றிதழ் தரும் சோதனை அல்ல.

3. அகராதியில் உதாரண வாக்கியங்களைப் படியுங்கள். கூகுளில் ‘டிஃபைன்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, ஒரு இடம் விட்டு, உங்களுக்கு வேண்டிய சொல்லை அடித்துத் தேடினால் பொருள் வரும். ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்தால் உச்சரிப்பும் கேட்கும். பொருளைப் படித்தால் சொல் தெரியும். உதாரணங்களைப் படித்தால்தான் நியூவான்ஸ் தெரியும்.

4. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது, வேர்டில் ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்து ஷிஃப்ட் கீயுடன் எஃப்7 கீயை அழுத்துங்கள். அதே பொருளுள்ள வேறு சொற்களின் பட்டியல் வரும். இதற்குத் தெசாரஸ் என்று பெயர். ஆனால் பட்டியலில் உள்ள சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடாதீர்கள். தெசாரஸில் ஒன்றாக இருக்கும் சொற்கள் அண்ணன் தம்பிகள் மாதிரி. முகஜாடை ஒன்றாக இருக்கும், குணம் வேறாக இருக்கும். எடுத்த சொல்லை மறுபடி அகராதியில் பாருங்கள்.

5. வங்கிக் கணக்கு எண், பாஸ்வேர்டு, ஆதார் எண் போன்றவை உள்ள கடிதத்தை அப்படியே ஆன்லைன் தளத்தில் பேஸ்ட் செய்யாதீர்கள். அந்த எண்களை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் கொடுங்கள்.

6. மலைப்பகுதிபோல நெட் சரியாகக் கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள், மொபைலில் கூகுள் டிரான்ஸ்லேட் ஆப்பில் தமிழ் மொழிக்கான ஃபைலை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம். நெட் இல்லாமலும் வேலை செய்யும்.

7. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கேட்டுவிடுங்கள். ‘எத்தனை தார் உறுதியாக எடுப்பீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று ஒரே வரி. எந்த சாஃப்ட்வேரும் இதற்கு ஈடாகாது.

கவனிக்க வேண்டிய சொற்கள்

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

வில்: செய்வோம். உறுதி.

மே: செய்யக்கூடும். செய்யாமலும் போகலாம்.

மைட்: மே என்பதைவிடவும் சந்தேகம்.

கேன்: முடியும். முடியும் என்பதும் செய்வோம் என்பதும் ஒன்றல்ல.

ஷுட்: செய்வது நல்லது, அல்லது எதிர்பார்க்கப்படுகிறது.

ஷேல்: ஒப்பந்தங்களில் வந்தால் பெரும்பாலும் செய்தே தீரவேண்டிய கடமை.

அப் டு: அதிகபட்சம் இவ்வளவு. துணிக்கடை வாசலில் தொங்கும் ‘50 சதவீதம் வரை தள்ளுபடி’, நெட் கம்பெனியின் ‘100 எம்பிபிஎஸ் வரை வேகம்’, லேப்டாப் பெட்டியில் ‘10 மணி நேரம் வரை பேட்டரி’ எல்லாம் இந்த வகைதான். பெரிய எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் உள்ள ‘வரை’யையும் பாருங்கள்.

சப்ஜெக்ட் டு: பின்னால் வரும் நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே.

உங்கள் ஸ்க்ரீனிலும் உண்டு

ஆங்கிலக் கடிதமே வராது என்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கம்ப்யூட்டர் மெனுக்களே நியூவான்ஸ் நிறைந்தவை.

‘சேவ்’ கொடுத்தால் பழைய ஃபைலின் மேலேயே எழுதிவிடும். ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால் பழையது பத்திரமாக இருக்க, புதிதாக ஒரு ஃபைல் உருவாகும். ‘டெலீட்’ அழுத்தினால் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், திரும்ப எடுக்கலாம். ஷிஃப்ட் கீயுடன் டெலீட் அழுத்தினால் பின்னுக்குப் போகாமலே அழியும். ‘ரிப்ளை’ என்றால் அனுப்பியவருக்கு மட்டும் பதில். ‘ரிப்ளை ஆல்’ என்றால் அந்த மெயிலில் உள்ள அத்தனை பேருக்கும் போகும். மேலதிகாரியைப் பற்றி நண்பருக்கு எழுதும்போது இந்த ‘ஆல்’ நினைவிருக்கட்டும்! டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட் ஐகானை நீக்கினால் சாஃப்ட்வேர் போய்விடாது. அதற்கு ‘அன்இன்ஸ்டால்’ செய்ய வேண்டும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது ‘சிங்க்’, ‘பேக்கப்’ இரண்டிலும்தான். இரண்டிலும் உங்கள் போட்டோக்கள் வேறொரு இடத்தில் இருக்கும். ஆனால் சிங்க் என்பது இரண்டு இடங்களையும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஏற்பாடு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் என்பது தனியாக எடுத்துவைத்த பிரதி. குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் இருக்கின்றனவா, போய்விட்டனவா என்பது இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

நியூவான்ஸ் என்பது ஆங்கிலப் பண்டிதர்களின் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மாமாவிடம் இல்லாத நியூவான்ஸா? போன பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டு தார்களைக் காட்டி, “இது நாளான்னைக்கு வெட்டணும், அதுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்கு” என்றார். எனக்கு இரண்டும் ஒரே பச்சைதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “காயோட விளிம்ப தொட்டுப் பாரு. இதுல மழுங்கியிருக்கு, அதுல இன்னும் கூரா இருக்கு” என்றார். தொட்டுப் பார்த்த பிறகு எனக்கும் தெரிந்தது. சொற்களையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்துப் பழக வேண்டும்.

இப்போது மாமாவுக்கு மெயில் வந்தால் அரிவாளை எடுப்பதற்கு முன் போனை எடுக்கிறார். முதல் கேள்வி, “மாப்ள, இதுல ‘வில்’லு போட்டுருக்கா, ‘மே’ போட்டுருக்கா?”

நீங்களும் கேட்டுப் பழகுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். 35 தார் மிச்சமாகும்.